என் மூக்கை நம்பியவள்

எங்கள் தெருவில் கேஸ் நாற்றம் அடிக்கும்போது எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். நான் ஒருவன் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வருஷத்துக்கு மேல். வெளியே சொன்னால் உதை விழும் என்று யாரிடமும் சொன்னதில்லை.

திருவொற்றியூரில் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது எங்கள் தெரு. கடல்காற்று வீசும்வரை பிரச்சினை இல்லை. காற்று மேற்கிலிருந்து திரும்பிவிட்டால் மணலிப் பக்கத்து ஆலைகளின் வாடை வந்து இறங்கிவிடும். அழுகிய முட்டையோடு டயரையும் சேர்த்துக் கொளுத்தின மாதிரி இருக்கும் என்பார்கள். என்பார்கள் என்று எழுதுவதற்குக் காரணம், நாற்பத்தாறு வயதுவரை அது எனக்குத் தெரியாது. என் மூக்கு அடைத்தே கிடந்தது. அக்கம்பக்கத்தில் ஜன்னல்களைப் படபடவென்று சாத்தும் சத்தத்தை வைத்துத்தான், ஓ, இன்றைக்கு நாற்றம் போல என்று தெரிந்துகொள்வேன்.

நான் கன்டெய்னர் யார்டில் டாலி கிளார்க். வருகிற லாரியின் பெட்டி எண்ணைக் குறித்து, சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, இறங்குகிற சரக்கை எண்ணுவது வேலை. நாள் முழுக்க டீசல் புகையும் தூசியும்தான். சட்டைப் பையில் ஒரு பேனா, ஒரு மூக்குச் சொட்டு மருந்து பாட்டில். சில நாட்களுக்கு மேல் போடக்கூடாது என்று அந்தப் பாட்டிலிலேயே எழுதியிருக்கும். நான் வருஷக்கணக்கில் போட்டேன். ஆரம்பத்தில் ஒரு சொட்டுக்கு அரை நாள் மூக்கு திறந்தது. கடைசியில் மணிக்கொரு தரம் போட்டாலும் திறக்கிற வழியாக இல்லை.

பிறந்தது மீனவக் குடும்பத்தில். என் மனைவி காசிமேட்டில் மீன் எடுத்து வந்து மார்க்கெட்டில் விற்கிறாள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல், முகர்ந்தே இது இன்றைய மீன், இது நேற்றைய மீன் என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளின் வீட்டில், கெட்டுப்போன குழம்பை நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தரம் ஊற்றிச் சாப்பிட்ட ஆள் நான்.

"கருவாடு இன்னா, கதம்பம் இன்னான்னு தெரியாத மூக்க வெச்சிகினு நீயெல்லாம் கடல்காரன்னு வெளிய சொல்லிக்காதயா" என்பாள்.

கேலி எனக்குப் பழகிப் போயிருந்தது. பழகாதது ஒன்றே ஒன்றுதான். என் ஒரே மகளுக்கும் அதே மூக்கு.

முகம் அம்மாவைக் கொண்டு, நிறம் அம்மாவைக் கொண்டு, மூக்கை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு பிறந்தாள். குழந்தையில் பால் குடிக்கும்போதே நடுநடுவே வாயை எடுத்து மூச்சு வாங்குவாள். வளர்ந்த பிறகு உதடு எப்போதும் வெடித்திருக்கும். கல்லூரிக்குப் போன முதல் வருஷம், அவள் கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. சமையல் பிடிக்கவில்லை போல என்று என் மனைவி கோபித்துக்கொண்டாள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. மூக்கு அடைத்திருப்பவர்கள் மென்றுகொண்டே மூச்சு விட வேண்டும், வாயைத் திறந்துதான் மெல்ல முடியும். பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் யார் முன்னாலும் சாப்பிடுவதில்லை. பசியோடு வந்து, வீட்டுச் சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள்.

அதைப் பார்த்த பிறகுதான் இரண்டு பேருமாக டாக்டரிடம் போனோம். எனக்காக மட்டும் என்றால் இந்த ஜென்மத்தில் போயிருக்க மாட்டேன்.

டாக்டர் என் வயதுக்காரர், பொறுமைசாலி. மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டு, எங்கள் மூக்குக்குள் இருப்பதை டிவியில் காட்டினார். நடுத்தண்டு எனக்கு இடது பக்கமாக வளைந்திருந்தது, அவளுக்கும் இடது பக்கமாகவே வளைந்திருந்தது. அது போதாதென்று பக்கச் சுவரின் சதையும் வீங்கி, மிச்சமிருந்த இடத்தையும் அடைத்துக்கொண்டிருந்தது. தண்டை நேராக்கி, சதையைக் குறைக்க வேண்டும் என்றார். பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் வயது ஆகட்டும், அவசரம் இல்லை என்றார்.

"எத்தனை வருஷம் தாங்கும் சார்?" என்று கேட்டேன்.

"கியாரண்டி கார்டு கேக்கறீங்களா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "தண்டை நேராக்கினா பெரும்பாலும் நேராவே இருக்கும். சதை அப்படி இல்ல. அது உயிருள்ளது. நீங்க சுவாசிக்கிற காத்து, தூசி, அலர்ஜி எல்லாத்துக்கும் அது பதில் சொல்லும். நிறைய பேர் நல்லா இருக்காங்க. சில பேருக்குக் கொஞ்ச வருஷத்துல கொஞ்சம் திரும்புது. நீங்க எந்தப் பக்கம்னு இப்பவே என்னால சொல்ல முடியாது."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. சீல் உடைந்திருக்கிறதா இல்லையா என்று எழுதியே காலம் தள்ளியவன் நான். நடுவில் ஒன்று இருக்கலாம் என்றால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் நான் செய்துகொண்டேன். ஆபரேஷன் ஒன்றும் தெரியவில்லை. மயக்கம் தெளிந்த பிறகுதான் ஆரம்பித்தது. இரண்டு மூக்கிலும் பஞ்சை அடைத்து, உதட்டுக்கு மேல் ஒரு துணியை ஒட்டி வைத்திருந்தார்கள். ரத்தம் ஊறி ஊறி அந்தத் துணி சிவந்துகொண்டிருந்தது. தண்ணீர் விழுங்கினால் காது அடைத்தது. கண் இரண்டும் வீங்கிப் போயிற்று. பஞ்சு இருந்த இரண்டு நாளும் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் வாயால் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை.

பஞ்சை எடுத்தும் ஒன்றும் திறக்கவில்லை. உள்ளே வீக்கம், பொருக்கு, உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவு, மறுபடி பொருக்கு. மூன்று வாரம் போயிற்று. முன்பைவிட மோசமாக இருந்தது. இருந்ததையும் கெடுத்துக்கொண்டேனே என்று வீட்டில் எரிந்து விழுந்தேன்.

நாலாவது வாரத்தில் ஒரு விடியற்காலை. மனைவி காசிமேட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், முணுமுணுத்துக்கொண்டே ஜன்னலைச் சாத்த வந்தாள்.

"சாத்தாத" என்றேன்.

"இன்னாயா, கேஸ் நாத்தம் கொடலப் பொரட்டுது, சாத்தாதன்ற?"

"எனக்கும் அடிக்குது."

"அடிக்கும். எல்லாத்துக்குந்தான் அடிக்கிது. அத்துக்கின்னா இப்போ?" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். "நெஜமாவா? உனுக்குத் தெரிதா? இன்னா மாரி கீது, சொல்லு."

"அழுகின முட்டை மாதிரி."

அவள் அழுதுவிட்டாள். நானும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கண்றாவியை நெஞ்சு நிறைய இழுத்தேன். இரண்டு மூக்கிலும் காற்று சில்லென்று உள்ளே போயிற்று. என் வாழ்நாளில் அவ்வளவு சுகமாக மூச்சு விட்டது கிடையாது. அன்றைக்கு மீன் கூடையோடு போன இடமெல்லாம் இதையே சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் எதிர் வீட்டு அம்மா வாசலில் நின்று, "இத்த மோந்து பாக்கறதுக்கா நைனா ஆஸ்பத்திரிக்குப் போயி மூக்க அறுத்துகினு வந்தே?" என்று கேட்டதில் தெருவே சிரித்தது.

என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்து சொன்னாள்.

"ப்பா, அந்தப் பஞ்ச நெனச்சா எனக்கு ஒடம்பு நடுங்குது. வாயும் அடைச்சிகிச்சின்னா இன்னா பண்றதுன்னே தோணுது. நான் டிகிரி முடிக்க மூணு வருஷம் கீது. அதுவரிக்கும் உன்னுது அடைக்காம இருந்தா நானும் பண்ணிக்கிறேன். அடைச்சிகிச்சின்னா எனக்கு வோணாம். இப்பிடியே இருந்துட்டுப் போறேன்."

சரி என்றேன். அந்த நிமிஷத்திலிருந்து என் மூக்கு எனக்குச் சொந்தமில்லை.

காலையில் எழுந்ததும் ஒரு பக்கத்தை விரலால் அழுத்தி மறுபக்கம் இழுத்துப் பார்ப்பேன். பிறகு இந்தப் பக்கம். வண்டியில் போகும்போது, யார்டில் பெட்டி எண்ணும்போது, சாப்பிட உட்காரும்போது, எப்போது பார்த்தாலும் அதே வேலைதான். சளி பிடித்தால் நெஞ்சு திக்கென்றது. யார்டில் மற்றவர்கள் என் முதுகுக்குப் பின்னால் மூக்கை அழுத்திக் காட்டிச் சிரிப்பது தெரியும். சிரித்துவிட்டுப் போகட்டும். இவ்வளவு செய்தும் மனசு ஆறாது. மேல்காற்று அடித்து, மணலி நாற்றம் மூக்கில் ஏறினால்தான் ஆறும். அது வந்துவிட்டால் அன்றைக்கு எனக்கு நல்ல நாள். ஊரே சபிக்கிற நாற்றத்தை நான் ஒருவன் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது வருஷத்தில் ஒரு வாரம் அந்த நாற்றம் வரவே இல்லை. முதல் நாள் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் சந்தேகம். நாலாம் நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூச்சு நன்றாகத்தான் போய் வந்தது, ஆனாலும் வாசனை போய்விட்டது, வாசனை போனால் அடுத்து மூச்சுதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வீட்டில் யாரையும் கேட்கவும் பயம், கேட்டால் மகளுக்குத் தெரிந்துவிடும். ஏழாம் நாள் அரை நாள் லீவு போட்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் குழாயை விட்டுப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கே. வாசனை போயிடுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஒரு வாரமா நாத்தமே தெரியல சார்."

"எந்த நாத்தம்?"

"மணலி நாத்தம்."

மேசையிலிருந்த காப்பியை என் மூக்கருகே நீட்டி, "இது?" என்றார். காப்பி. "இது?" டெட்டால். "அப்புறம் என்ன?" என்றார்.

யார்டு வாசல் டீக்கடைக்காரரிடம் புலம்பியபோதுதான் பதில் கிடைத்தது. "மேக்கால காத்தே இல்லியே நைனா, வாரம் பூரா கடல் காத்துதான். அதுவுமில்லாம அந்தாண்ட ஒரு கம்பெனில ஷட்டவுனாம், மெசினெல்லாம் கழட்டிப் போட்டுகினு கீறானுங்க. ஊர்ல எல்லாரும் நிம்மதியா கீறாங்கோ, நீ இன்னாத்துக்குப் பேஜாரு பண்ணிக்கிற?" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அந்த ஒரு வாரம் எனக்கு ஒரு சாக்கைக் கற்றுக்கொடுத்துவிட்டது. நாற்றம் தெரியாவிட்டால் காற்று மாறியிருக்கும் என்ற சாக்கு.

மூன்றாவது வருஷம் தொடங்கி நாலு மாதம் போல இருக்கும். நாற்றம் வரும் நாட்கள் குறைந்தன. காற்று மாறியிருக்கும் என்றேன். காலையில் எழும்போது நாக்கு வறண்டிருந்தது. ஃபேனை வேகமாக வைத்துவிட்டோம் என்றேன். யார்டில் அப்போது தரை போடுவதற்காக ஜல்லியும் சிமெண்டுமாகக் கொட்டி வைத்திருந்தார்கள், ஒரே புழுதி. தூசியால் ரெண்டு நாள் அடைக்கும், போய்விடும் என்றேன். விரலால் அழுத்திப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அதுவரை மணிக்கொரு தரம் பார்த்தவன், பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயந்து விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மகள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். அடைத்த மூக்கோடு இருக்கிற அவளுக்கே தொண்டையில் எரிந்திருக்கிறது.

"ப்பா, எப்பிடிப்பா இங்க உக்காந்துகினு கீற? அம்மா வாந்தி எடுக்குது உள்ள!"

நிமிர்ந்து பார்த்தேன். தெருவில் எல்லா வீட்டிலும் ஜன்னல் சாத்தியிருந்தது. எதிர் வீட்டு அம்மா முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு யாருக்கோ போனில் கத்திக்கொண்டிருந்தாள். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு துளிகூடத் தெரியவில்லை. மகள் என்னையே பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு கேள்வி வருவதற்குள் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"தாங்கலடி, நானும் அதான் எழுந்திருக்கலாம்னு பாக்கறேன். கலீஜ் புடிச்ச நாத்தம்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. எனக்கு அப்போது வந்த வெட்கத்தை எழுதத் தெரியவில்லை. பெற்ற பெண்ணிடம், வாசலில் உட்கார்ந்து, எனக்குத் தெரியாத நாற்றத்துக்கு நடித்தேன்.

மறுநாளே டாக்டரிடம் போனேன். இந்தத் தடவை அவர் குழாயை வெளியே எடுக்க நேரமாயிற்று. தண்டு நேராகத்தான் இருக்கிறது, குறைத்த சதை மறுபடி வீங்கியிருக்கிறது என்றார்.

"ஆபரேஷன் தோத்துடுச்சா சார்?"

"தோக்கல. முன்னாடி உங்களுக்கு வழியே இல்ல, இப்ப வழி இருக்கு, குறுகலா இருக்கு. ஸ்பிரே தர்றேன், தினமும் உப்புத் தண்ணி விட்டுக் கழுவுங்க. யார்டுல மாஸ்க் போடுங்க. பழைய சொட்டு மருந்தைத் தொடவே கூடாது. பாதியாவது திரும்பக் கிடைக்கும். முழுசா கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது." பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். "பொண்ணு எப்ப வர்றா?"

"பரீட்சை முடிஞ்சதும் வருவா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஸ்பிரே உடனே கேட்கவில்லை. எனக்குப் பொறுமையும் இல்லை. டோல்கேட்டில் வண்டியை நிறுத்தி, என்னை யாருக்கும் தெரியாத ஒரு மருந்துக்கடையில் பழைய சொட்டு மருந்தை வாங்கினேன். சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வரும் முன் தெருமுனையில் இரண்டு சொட்டு. ஒரு மணி நேரம் மூக்கு திறந்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் மகளோடு உட்கார்ந்து பேசிவிடுவேன்.

பையைக் கழுவ எடுத்த மனைவியிடம் பாட்டில் மாட்டிக்கொண்டது. சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அவகிட்ட சொன்னா, அவ பண்ணிக்க மாட்டா. காலம் பூரா செவுத்தப் பாத்து துன்னுகினு இருப்பா. நாளைக்கி ஒருத்தன் வூட்டுக்குப் போவணும்."

"தெரியும்."

"சொல்லலன்னா, அவளும் ரத்தம் கக்கிட்டு வந்து, ரெண்டு வருஷத்துல அடைச்சிகிச்சின்னா, நம்ம மூஞ்சில முழிப்பாளாய்யா?"

"அதான் தெரியல."

"உனுக்கு எப்பவுமே ஒண்ணும் தெரியாது" என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கழிவறையில் ஊற்றினாள். அதன் பிறகு சில மாதங்கள் நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசவில்லை. தினமும் காலையில் அவள் என்னைப் பார்ப்பாள், நான் வேறு பக்கம் பார்ப்பேன். உப்புத் தண்ணீரிலும் ஸ்பிரேயிலும் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாக வழிவிட்டது. ஒரு நாள் திறக்கும், இரண்டு நாள் மூடும். அது முழுக்கத் திறக்கிற நாளில் மகளிடம் சொல்லிவிடலாம், அப்போது அது பொய்யாக இருக்காது என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அந்த நாள் வரவில்லை.

பரீட்சை முடிந்தது. ஒரு கப்பல் ஏஜென்சியில் அவளுக்கு வேலையும் கிடைத்தது. சேர ஒரு மாதம் இருந்தது. அவளே டாக்டருக்குப் போன் செய்து ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டாள். அட்மிஷனுக்கு மூன்று நாள் முன்னால், பையில் துண்டும் போர்வையும் அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"பஞ்சு அடைச்சிருந்தப்போ எப்பிடிப்பா தூங்கினே?"

"தலகாணிய ரெண்டா வெச்சி, சாஞ்சிகினு."

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சி."

"எனக்கும் கீது. உன்னுது மூணு வருஷமா ஒயுங்கா கீதே, அத்த நெனச்சிகினுதான் நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, போர்வையை இன்னொரு தரம் மடித்தாள்.

அவள் கையைப் பார்த்தேன். என்னை நம்பித்தான் அந்தக் கை அந்தப் போர்வையை மடிக்கிறது என்று தோன்றியதும், அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஒயுங்கா இல்ல கண்ணு" என்றேன். "அடைச்சிகிச்சி. எட்டு மாசமாச்சி."

அவள் போர்வையைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கி வாசல்ல துண்ட வெச்சிப் பொத்திகினியே?"

"நடிச்சேன்."

"அம்மாக்குத் தெரியுமா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அதுவே பதிலாகிவிட்டது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. தணிந்த குரலில் கேட்டாள்.

"அப்போ மொத ரெண்டு வருஷம் நல்லா இருந்துச்சின்னு சொன்னியே. அதுவும் சொம்மாவா?"

அது சத்தியமான உண்மை. என் வாழ்க்கையிலேயே நான் நன்றாக மூச்சு விட்டது அந்த இரண்டு வருஷம்தான். இல்லைடி, அது நிஜம், உன்மேல் ஆணையாக நிஜம் என்றேன். சொல்லும்போதே தெரிந்தது, நடித்தவன் சொல்கிற ஆணைக்கு என்ன மதிப்பு? ஒரு பொய்யைச் சொல்லி, என்னிடம் இருந்த ஒரே உண்மையையும் கெடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டாள். போன் அடித்தால் எடுக்கவில்லை. நான் வேலைக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். மனைவி மார்க்கெட்டிலிருந்து பாதியில் எழுந்து வந்துவிட்டாள். எங்கேயோ என்னவோ என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, மதியம் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தாள்.

"டாக்டரப் பாத்தேன்" என்றாள். என்னைப் பார்க்காமல், அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "தண்டு நேராவே இருக்குமாம். சதை மறுபடி வீங்கலாமாம், வீங்காமலும் போவலாமாம். அப்பாக்கு ஆன மாரியே எனக்கு ஆவணும்னு கெடையாதாம். ஆவாதுன்னும் அவரால சொல்ல முடியாதாம்."

"இப்ப இன்னாடி பண்ணப் போற?" என்றாள் என் மனைவி.

"பண்ணிக்கப் போறேன்." பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "உனக்கு அந்த ரெண்டு வருஷம் நெஜமோ பொய்யோ, எனக்குத் தெர்ல. நெஜம்னே வெச்சிக்கறேன். எனக்குப் பொறந்ததுல இருந்து ரெண்டு நாள் கூட கெடைச்சதில்லப்பா."

நான் அன்றே சொல்லியிருந்தால் இந்த முடிவை அவள் எட்டு மாதம் முன்னாலேயே எடுத்திருப்பாள். நான் அவளைக் கேட்காமல், அவள் பயத்துக்கு நானே பதில் தயார் செய்துகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சம்மதப் பத்திரத்தை நர்ஸ் என்னிடம்தான் நீட்டினார். அவள் வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்து, தானே கையெழுத்துப் போட்டாள். உள்ளே கொண்டுபோன பிறகு தியேட்டர் வாசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மனைவி வாய்க்குள் ஏதோ சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு வேண்டிக்கொள்ளக்கூட வரவில்லை. ஒருவேளை அடைத்துக்கொண்டால், ஒருவேளை அடைத்துக்கொண்டால் என்று அது ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சோடு வெளியே வந்தவள் கண் திறந்ததும் அம்மாவின் கையைத்தான் தேடினாள்.

நாலு மாதம் ஆகிவிட்டது. வீக்கம் வடிந்து, பொருக்கெல்லாம் விழுந்து, வேலையிலும் சேர்ந்துவிட்டாள். என்னோடு பேசுகிறாள், முன்போலவே கேலியும் செய்கிறாள். கோபம் போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். காலையில் அவள் செருப்பு மாட்டும்போது, பக்கத்தில் போய் நின்று தினமும் ஒன்றையே கேட்கிறேன்.

"மூக்கு எப்பிடிம்மா கீது?"

"நல்லா கீதுப்பா" என்கிறாள்.

சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். உண்மையாகவே நன்றாக இருக்கலாம். அப்பன் மனசு சங்கடப்படக் கூடாது என்பதற்காகச் சொல்வதாகவும் இருக்கலாம். எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படிச் சொல்லலாம் என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தவன் நான்தான்.